திருடுபோன ஐடிக்கு யாரிடம் முறையிடுவது?

எங்கள் தெருவில் ஆரி வேலை செய்யும் பெண் ஒருவர் இருக்கிறார். கல்யாணப் பெண்களின் ரவிக்கைக் கழுத்திலும் கையிலும் ஜர்தோசியும் மணியும் வைத்துத் தைத்துக் கொடுப்பார். கடை என்று தனியாக எதுவும் கிடையாது. வீட்டு முன்னறையில் ஒரு மரச்சட்டம், அதில் விறைப்பாக இழுத்துக் கட்டிய துணி, பக்கத்தில் கைபேசி, அவ்வளவுதான். உண்மையில் கடை அந்தக் கைபேசிக்குள்தான் இருந்தது. படம் பகிரும் சமூக வலைதளம் ஒன்றில் நான்கு ஆண்டுகளாகப் பக்கம் நடத்தினார். முடித்த ஒவ்வொரு ரவிக்கையையும் வெயில் படும் இடத்தில் வைத்துப் படம் பிடித்துப் போடுவார். அதைப் பார்த்துத்தான் முகம் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் அவருக்குக் கூரியரில் துணி வந்துகொண்டிருந்தது.

தை முகூர்த்தங்களுக்கு இரவு பகலாக வேலை நடந்துகொண்டிருந்த ஒரு மாலையில், பழைய வாடிக்கையாளர் ஒருவரின் ஐடியிலிருந்து செய்தி வந்தது. “அக்கா, நான் ஒரு போட்டியில இருக்கேன். எனக்கு ஓட்டுப் போடுங்க. உங்க போனுக்கு ஒரு லிங்க் வரும். அதைத் தொடாதீங்க, ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து அனுப்புங்க.” தெரியாத லிங்க்கைத் தொடக்கூடாது என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார். இந்தப் பெண்ணோ தொடவே வேண்டாம் என்கிறாள். அதில் என்ன ஆபத்து இருக்க முடியும்? படம் எடுத்து அனுப்பிவிட்டார்.

அவர் போனுக்கு வந்தது அவருடைய கணக்கையே திறந்துவிடும் இணைப்பு. கடவுச்சொல்லை மறந்தவர்களுக்கு நிறுவனம் அனுப்பும் இணைப்பு அது. அவர் பெயரில் அதைக் கேட்டு வாங்கியவன் எதிர்முனையில் காத்திருந்தான். ஸ்கிரீன்ஷாட்டில் தெரிந்த முகவரியை எழுத்து எழுத்தாகத் தட்டிப் போட்டான். கடவுச்சொல், மின்னஞ்சல், கைபேசி எண் மூன்றும் மாறின. பிறகு அவன் ஒரு கூடுதல் வேலையும் செய்தான். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைப் பூட்டை அந்தப் பெண் ஒருநாளும் போட்டதில்லை; அவன் அதைத் தன் கைபேசியோடு இணைத்துப் போட்டுக்கொண்டான். பாதுகாப்புக்காகச் செய்து வைத்த வசதி உரிமையாளரையே வெளியே நிறுத்தியது. அன்றிரவு அவர் பக்கத்தில் ஒரு அறிவிப்பு ஓடியது: பத்தாயிரம் போட்டேன், ஒரே நாளில் தொண்ணூறாயிரம் வந்தது, நீங்களும் போடுங்கள். அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி மூன்று பெண்கள் பணம் அனுப்பினார்கள். முதலில் செய்தி அனுப்பிய வாடிக்கையாளரின் ஐடியும் இதே வழியில் போனதுதான் என்பது பிறகு தெரிந்தது. கைக்குக் கை மாறும் தொற்றுப்போல இது பரவுகிறது.

அவரைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கணவர் கேட்டார், அண்ணன் கேட்டார், புகார் கொடுக்கப் போன இடத்திலும் கேட்டார்கள்: “நீ ஏம்மா அதை அனுப்பின?” வீட்டில் நகை திருடுபோனால், ஏன் பீரோ வாங்கினாய் என்று நாம் கேட்பதில்லை. கணக்கு திருடுபோனால் மட்டும் பறிகொடுத்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். இந்தக் கேள்வி அநியாயமானது என்பதோடு தவறானதும்கூட. கடவுச்சொற்கள் எப்படியெல்லாம் பறிபோகின்றன என்பதைப் பார்த்தால் அது விளங்கும்.

கணினிக் கடவுச்சொல்லுக்கு என்ன வயதோ, ஏறக்குறைய அதே வயதுதான் அதன் திருட்டுக்கும். அமெரிக்காவின் எம்ஐடியில் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு 1961-ல் வந்தது. ஒருவர் கோப்பை இன்னொருவர் பார்க்காதிருக்க ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள். மறு ஆண்டே ஆலன் ஷெர் என்ற ஆய்வாளர், வாரத்துக்கு நான்கு மணி நேரம் என்று தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், கடவுச்சொல் கோப்பை அச்சடித்துத் தரும்படி துளையட்டையில் கட்டளை எழுதிப் போட்டார். கணினியும் அச்சடித்துக் கொடுத்துவிட்டது. அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. எல்லாருடைய கடவுச்சொல்லையும் அப்படியே எழுதி ஒரே இடத்தில் வைத்திருந்தார்கள், அதுதான் பிழை.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் அந்தப் பிழை தொடர்ந்தது. பேஸ்புக், மைஸ்பேஸ் தளங்களுக்குச் செயலிகள் செய்துவந்த ராக்யூ நிறுவனத்திடமிருந்து 2009 டிசம்பரில் 3.2 கோடிக் கடவுச்சொற்கள் களவுபோயின. எல்லாம் படித்தால் புரியும் வெறும் எழுத்துகளாகவே இருந்தன. பேஸ்புக் நிறுவனமே 2019 மார்ச்சில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது: பல கோடிப் பயனர்களின் கடவுச்சொற்கள், அதன் ஊழியர்கள் படிக்கக்கூடிய வடிவில் உள்கணினிகளில் கிடந்திருக்கின்றன. அதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 செப்டம்பரில் 9.1 கோடி யூரோ அபராதம் விதித்தது. அந்தக் கோடிக்கணக்கானோரில் ஒருவர்கூட எந்த லிங்க்கையும் தொட்டதால் அது நேரவில்லை.

முறையாக நடத்தும் தளம் கடவுச்சொல்லை எழுதி வைக்காது, அரைத்து வைக்கும். அரிசியை மாவாக்கலாம், மாவை மறுபடி அரிசியாக்க முடியாது அல்லவா? அப்படி ஒருவழியாக மட்டும் போகும் கணித முறை இருக்கிறது. நாம் உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும் கொடுத்த சொல்லை அரைத்து, வைத்திருக்கும் மாவோடு ஒத்துப்போகிறதா என்று தளம் பார்க்கிறது. மாவைத் திருடியவனும் சும்மா இருக்க மாட்டான். ஊரில் புழங்கும் அரிசி வகைகளையெல்லாம் தானே அரைத்து ஒப்பிட்டுப் பார்ப்பான். அதைத் தடுக்க ஒவ்வொருவர் மாவிலும் வெவ்வேறு உப்பைச் சிட்டிகை சேர்ப்பார்கள். துறைக்காரர்களும் அதை ‘உப்பு’ என்றுதான் சொல்கிறார்கள். 1970-களிலேயே யூனிக்ஸ் கணினிகளில் கையாண்ட உத்தி இது. ஆனால் 2012-ல் லிங்க்ட்இன் நிறுவனத்திடமிருந்து திருடுபோன கடவுச்சொற்களில் அந்த உப்பு இல்லை. முதலில் 65 லட்சம் என்றார்கள். நான்கு ஆண்டு கழித்து 11.7 கோடி சந்தைக்கு வந்தது.

ஓரிடத்தில் கசிந்த பட்டியலை எடுத்து மற்ற தளங்களின் கதவில் வரிசையாகப் போட்டுப் பார்க்க ஆள்கூட வேண்டாம். ஒரு நிரலை ஓடவிட்டால் போதும். 2016 ஜூனில் மார்க் சக்கர்பர்க்கின் ட்விட்டர், பின்ட்ரஸ்ட் கணக்குகளே பறிபோயின. லிங்க்ட்இன் திருட்டில் கசிந்த அவருடைய பழைய கடவுச்சொல்தான் அங்கும் திறந்தது என்று செய்திகள் வந்தன. உலகின் மிகப் பெரிய சமூக வலைதளத்தைக் கட்டியவரே ஒரே சாவியைப் பல கதவுக்கு வைத்திருந்திருக்கிறார். மகள் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்த ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போடும் நம் வீட்டுப் பெரியவர்களை ஏளனம் செய்ய எதுவும் இல்லை.

ஏமாறுவது அறியாமையா?

திருட்டில் பெரும்பகுதி இப்போது ஏமாற்றித்தான் நடக்கிறது. “நீங்கள் போட்ட படத்துக்குக் காப்புரிமைப் புகார் வந்திருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் மேல்முறையீடு செய்யாவிட்டால் பக்கம் நீக்கப்படும்.” நிறுவனத்தின் சின்னத்தோடு இப்படி ஒரு செய்தி வரும். கீழே ஒரு பொத்தான். அழுத்தினால் நுழைவுப் பக்கம் போலவே ஒரு பக்கம் திறக்கும். நீலக்குறி தருகிறோம் என்று ஒருவனும், விளம்பரம் தருகிறோம் என்று இன்னொருவனும் இதையே செய்கிறார்கள். பயமோ ஆசையோ அவசரமோ, ஒன்று போதும். ஓடிபி கேட்டால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் இங்கே செல்லாது. நாம் போலிப் பக்கத்தில் தட்டும் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் அதே நொடியில் உண்மையான தளத்தில் செலுத்தி உள்ளே நுழையும் கருவிகள் அவர்களிடம் இருக்கின்றன.

இதில் விழுபவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று சொல்வோரிடம் இரண்டு நாள்களைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். 2013 ஏப்ரல் 23 அன்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கில், வெள்ளை மாளிகையில் குண்டு வெடித்து ஒபாமா காயமடைந்தார் என்று ஒரு வரி வந்தது. சில நிமிடங்களில் அமெரிக்கப் பங்குச்சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு 140 புள்ளிக்கு மேல் சரிந்து, பொய் என்று தெரிந்ததும் ஏறியது. சற்று நேரம் முன்புதான் அந்நிறுவன ஊழியர்கள் சிலருக்கு ஒரு தூண்டில் மின்னஞ்சல் வந்திருந்தது. எந்தத் தகவலையும் சரிபார்ப்பதே தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள். அடுத்தது 2020 ஜூலை 15. ட்விட்டர் ஊழியர்களைத் தொலைபேசியில் அழைத்து, “கணினிப் பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் இணைப்புக் கோளாறைச் சரிசெய்கிறோம்” என்று சொல்லிப் போலிப் பக்கத்துக்கு அனுப்பிக் கடவுச்சொற்களைப் பறித்தார்கள். பிறகு ஒபாமா, பைடன், பில் கேட்ஸ், எலான் மஸ்க் உள்ளிட்ட 130 கணக்குகளைக் குறிவைத்தார்கள். பிட்காயின் அனுப்பினால் இரட்டிப்பாகத் தருவதாக அந்தப் பெயர்களில் எழுதி ஒரு லட்சம் டாலருக்கு மேல் சுருட்டினார்கள். தலைமை தாங்கியவன் ஃபுளோரிடாவைச் சேர்ந்த 17 வயதுப் பையன். கணக்கைக் காப்பதே வேலையாக இருந்தவர்களிடம் பலித்த அதே தந்திரம்தான் எங்கள் தெருப் பெண்ணிடமும் பலித்தது.

கைபேசி எண்ணைக் கைப்பற்றுவது இன்னொரு வழி. நம் பெயரில் போலி அடையாளம் காட்டி, சிம் தொலைந்துவிட்டது என்று சொல்லி மாற்று சிம் வாங்கிவிட்டால், நமக்கு வரவேண்டிய ஓடிபி எல்லாம் அவனுக்குப் போகும். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் அன்றைய தலைவர் ஜேக் டோர்சியின் கணக்கையே இப்படி எண்ணைப் பிடித்துக் கைப்பற்றினார்கள். 2024 ஜனவரியில் அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் எக்ஸ் (முன்னாள் ட்விட்டர்) கணக்கும் இதே முறையில் போனது. அந்தக் கணக்கில் இரட்டைப் பூட்டு சில மாதங்களாகவே அணைக்கப்பட்டுக் கிடந்தது என்பது பிறகு வெளிவந்தது. இந்தியாவில் சிம் மாற்றிய ஏழு நாள்களுக்குள் அந்த எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது என்ற விதியைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கூரியர்காரன் போலப் பேசி, நட்சத்திரக் குறியும் எண்ணுமாக ஏதோ ஒன்றை அழுத்தச் சொல்லி, நம் அழைப்புகளைத் தன் எண்ணுக்குத் திருப்பிக்கொள்ளும் மோசடி பெருகியதால், அந்த வகை அழைப்புத் திருப்பலை அதே ஆண்டு ஏப்ரலில் தொலைத்தொடர்புத் துறை நிறுத்தச் சொன்னது. அரசு கட்டளையிட்டால் நிறுவனங்கள் மாறும் என்பதற்கு இவை இரண்டும் சாட்சி. இதைப் பிறகு சொல்கிறேன்.

பலருக்கும் தெரியாத இன்னொரு வழி இருக்கிறது. பொருட்காட்சியில் சீட்டு வாங்கி நுழைந்தவரின் கையில் முத்திரை குத்துவார்கள். வெளியே போய்த் திரும்பினாலும் மறுபடி சீட்டு கேட்க மாட்டார்கள். நாம் ஒருமுறை கடவுச்சொல் கொடுத்து நுழைந்ததும் தளம் நம் கணினியில் அப்படி ஒரு முத்திரையை விட்டுவைக்கிறது. அதற்குப் பெயர் குக்கி. கணினிக்குள் புகுந்த ஒரு தீநிரல் அந்தக் குக்கியை நகலெடுத்து அனுப்பிவிட்டால், திருடனுக்குக் கடவுச்சொல்லும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். 2023 மார்ச்சில் ஒன்றரைக் கோடி சந்தாதாரர்கள் கொண்ட லைனஸ் டெக் டிப்ஸ் யூடியூப் சேனல் இப்படித்தான் போனது. விளம்பர ஒப்பந்தம் என்று வந்த கோப்பை ஓர் ஊழியர் திறந்தார், அவ்வளவுதான். நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் வீடியோ எடிட்டிங் கடைகளிலும் காசு கொடுக்காத ‘கிராக்’ மென்பொருளை ஏற்றுவது சர்வசாதாரணம். இந்தத் தீநிரல்கள் நுழைவதற்கு அதைவிட அகலமான வாசல் கிடையாது. கல்யாண ஆல்பம் செய்யும் அந்தக் கணினியிலேயே கடையின் முகநூல் பக்கமும் மின்னஞ்சலும் திறந்து கிடக்கும்.

பூட்டுகளில் எது பூட்டு?

அடிக்கடி கடவுச்சொல்லை மாற்றுங்கள், பெரிய எழுத்தும் எண்ணும் குறியும் கலந்து வையுங்கள் என்ற அறிவுரையை இன்னமும் சொல்கிறார்கள். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்புக்காக 2003-ல் இந்த விதிகளை எழுதிய பில் பர், அவற்றில் பெரும்பாலானவற்றுக்காக வருந்துவதாக 2017-ல் வெளிப்படையாகச் சொன்னார். மாற்று மாற்று என்று விரட்டினால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுகிறார்கள். அதே ஆண்டு அந்த அமைப்பு விதியைத் திருத்தியது. காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள், நீளமாக இருக்கட்டும், ஏற்கெனவே கசிந்த சொல்லாக இல்லாதிருக்கட்டும் என்றது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்தால் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் கடினம். தளத்துக்குத் தளம் வெவ்வேறு சொல்லாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் மிக முக்கியம். அத்தனையையும் மனிதத் தலையால் தாங்க முடியாது. கைபேசியிலேயே உள்ள கடவுச்சொல் பெட்டகம் தாங்கும். நம் மின்னஞ்சல் எந்தெந்தக் கசிவில் அகப்பட்டிருக்கிறது என்று பார்க்க ட்ராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013 முதல் ‘ஹேவ் ஐ பீன் போன்டு’ என்ற இலவசத் தளத்தை நடத்திவருகிறார்.

இரட்டைப் பூட்டு எவ்வளவு காக்கிறது என்பதற்குக் கூகுள் 2019-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி, மொத்தமாக வீசும் தூண்டில்களில் 96 விழுக்காட்டைத் தடுத்தது. ஒருவரையே குறிவைத்து வந்த தாக்குதல்களில் 76 விழுக்காட்டைத்தான் தடுக்க முடிந்தது. கையில் வைத்துச் செருகும் பாதுகாப்புச் சாவி மட்டும் எல்லாவற்றையும் தடுத்தது. ஆகவே குறுஞ்செய்தி ஓடிபி இல்லாததைவிட இருப்பது எவ்வளவோ மேல். அதைவிட மேல், கைபேசியிலேயே 30 நொடிக்கொரு முறை எண் மாறும் ஆதன்டிகேட்டர் செயலி. சிம்மைப் பிடித்தாலும் அந்த எண் திருடனுக்குப் போகாது.

இப்போது வந்திருக்கும் பாஸ்கீ இவற்றையெல்லாம் தாண்டியது. கடவுச்சொல்லே கிடையாது. ஒரு சாவி நம் கைபேசிக்குள் இருக்கிறது; விரல் வைத்தால் அது தளத்துக்குப் பதில் சொல்கிறது. சாவி எந்தத் தளத்துக்காக உருவானதோ அந்த முகவரிக்கு மட்டும்தான் பதில் சொல்லும். போலிப் பக்கத்தின் முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தால் நம் கண் ஏமாறலாம், கைபேசி ஏமாறாது. திருடனிடம் சொல்லிவிட நம்மிடம் எதுவும் இல்லை. நிறுவனத்திடமிருந்து கசியவும் எதுவும் இல்லை. கூகுள், வாட்ஸ்அப், பேஸ்புக் ஆகியவற்றில் இந்த வசதி வந்துவிட்டது. இதைப் படிப்பவர்கள் இன்று ஒரு வேலை செய்வதானால், முதலில் மின்னஞ்சலுக்குச் செய்யுங்கள். எல்லாக் கணக்குகளின் மறந்துபோன சாவியும் அங்கேதான் வந்து விழுகிறது. வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க பின் எண்ணையும் போட்டுவையுங்கள். எந்தெந்தக் கருவிகளில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்துத் தெரியாததை வெளியேற்றுங்கள்.

மின்னஞ்சலில் இருந்துதான் எங்கள் தெருப் பெண்ணின் கதையில் எனக்கு உறுத்தும் பகுதி தொடங்குகிறது. கணக்கின் மின்னஞ்சல் மாற்றப்படும்போது பழைய முகவரிக்கு எச்சரிக்கை போகும். மாற்றியது நீங்கள் இல்லையென்றால் இதை அழுத்துங்கள் என்று அதில் ஓர் இணைப்பு இருக்கும். அவருக்கும் அது வந்திருந்தது. ஆனால் அந்த மின்னஞ்சல் முகவரி அவருடையது என்பதே அவருக்குத் தெரியாது. ஆறு ஆண்டுக்கு முன் கைபேசி வாங்கியபோது, பெட்டியைப் பிரித்து சிம் போட்டுக் கொடுத்த கடைப் பையன் ஐந்து நிமிடத்தில் உருவாக்கிய முகவரி அது. அவர் பெயரோடு ஏதோ நான்கு எண்கள். கடவுச்சொல்லை அந்தப் பையன்தான் போட்டான். கேட்பதற்கு இப்போது அந்தக் கடையும் இல்லை.

இது ஒரு வீட்டுக் கதையல்ல. நம் ஊர்களில் பல பெரியவர்களின் மின்னஞ்சலைக் கைபேசிக் கடைக்காரரோ, பேரனோ, ஊருக்குப் போய்விட்ட மருமகனோதான் உருவாக்கியிருக்கிறார்கள். மீட்பு எண்ணாக ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன பழைய சிம் இருக்கும். ஒரே கைபேசியை அம்மாவும் மகளும் பயன்படுத்துவார்கள். ஒருவர் ஒரு கைபேசி, ஒரு மின்னஞ்சல், ஒரு எண் என்று வைத்திருப்பார், அதை நாளும் பார்ப்பார் என்ற கணக்கில்தான் உலகின் பாதுகாப்பு ஏற்பாடுகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கணக்குக்குள் நம் வீடுகள் அடங்கவில்லை. பிள்ளைகள் ஊருக்கு வரும்போது அப்பா அம்மாவின் கைபேசியில் இந்த ஒன்றைச் சரிசெய்து கொடுத்தால் அதுவே பெரிய உதவி. எந்த முகவரி, எந்த மீட்பு எண் என்று பார்த்து, இரட்டைப் பூட்டு போட்டு, அதோடு தரப்படும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி வைக்க அரை மணி நேரம் போதும்.

வங்கிக்கு உள்ள கடமை

ஆனால் எல்லாச் சுமையையும் வீட்டின் தலையிலேயே ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கூகுள் தன் ஊழியர்களுக்கு 2017 முதல் செருகும் பாதுகாப்புச் சாவியைக் கட்டாயமாக்கியது. அதன்பிறகு 85,000-க்கும் மேற்பட்ட அவர்களில் யாருடைய வேலைக் கணக்கும் தூண்டிலில் சிக்கியதாக உறுதியாகவில்லை என்று அந்நிறுவனம் மறு ஆண்டு சொன்னது. தன் ஊழியரிடம் ‘கவனமாக இரு’ என்று மட்டும் சொல்லி அது நிறுத்திக்கொள்ளவில்லை. பூட்டைக் கையில் கொடுத்தது. நமக்கு மட்டும் அறிவுரை. ட்விட்டர் 2021-ல் வெளியிட்ட புள்ளிவிவரத்தின்படி, புழக்கத்தில் இருந்த கணக்குகளில் இரட்டைப் பூட்டு போட்டவை 2.3 விழுக்காடுதான். விருப்பமிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள் என்று அமைப்புகளின் ஐந்தாம் அடுக்கில் வைத்தால் இப்படித்தான் நடக்கும். அதே 2021-ல் கூகுள் 15 கோடிப் பேருக்குத் தானே முன்வந்து அதை இயக்கிவிட்டது. அவர்களிடையே கணக்குத் திருட்டு பாதியாகக் குறைந்தது. மக்களைத் திருத்தாமலே, தொடக்க ஏற்பாட்டை மாற்றியதால் கிடைத்த பலன் இது.

திருட்டு நடந்த பிறகு என்ன என்பதில்தான் அநீதி இன்னும் பெரியது. ஏடிஎம் கார்டு திருடுபோனால் நள்ளிரவிலும் ஓர் எண்ணுக்கு அழைத்து முடக்கலாம். ரிசர்வ் வங்கி 2009-லேயே இணையத்தில் கார்டு பயன்பாட்டுக்கு இரண்டாவது சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. 2017-ல் இன்னும் தெளிவாகச் சொன்னது: வங்கியின் தவறும் இன்றி வாடிக்கையாளர் தவறும் இன்றி மூன்றாம் ஆளால் நடந்த மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு ஒரு பைசாப் பொறுப்பும் இல்லை. அவர் கவனக்குறைவாகவே இருந்தாலும், தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது. தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை வங்கிதான் நிரூபிக்க வேண்டும். ‘நீ ஏன் அனுப்பினாய்’ என்ற கேள்வியோடு அங்கே கதை முடிந்துவிடுவதில்லை.

சமூக வலைதளத்தில் பேச ஆளே இல்லை. உதவிப் பக்கம் இன்னொரு உதவிப் பக்கத்துக்கு அனுப்பும்; அது முதல் பக்கத்துக்கே திருப்பி அனுப்பும். எங்கள் தெருப் பெண்ணிடம் முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டிக் காணொலி அனுப்பச் சொன்னார்கள். பக்கத்திலுள்ள படங்களோடு முகத்தை ஒப்பிட்டு உரிமையாளரை அடையாளம் காண்பதற்காக. நான்கு ஆண்டில் அவர் போட்ட எல்லாமே ரவிக்கைகள். தன் முகம் தெரியும் படம் ஒன்றுகூட அவர் போட்டதில்லை. சிறு ஊரில் இருக்கும் பெண் ஏன் போடவில்லை என்பதை நமக்கு விளக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர்கள் நூறு பேர் அந்தப் பக்கத்தின்மேல் ரிப்போர்ட் அடித்தார்கள். விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள குறையல்ல. 2024 மார்ச்சில் அமெரிக்க மாநிலங்களின் 41 தலைமை வழக்குரைஞர்கள் சேர்ந்து பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்குக் கடிதம் எழுதினார்கள். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் கணக்குத் திருட்டைப் பற்றி நியூயார்க் தலைமை வழக்குரைஞருக்கு 2019-ல் 73 புகார் வந்தது; 2023-ல் 783. உங்கள் வாடிக்கையாளருக்கு நாங்கள் பதில் சொல்லும் நிலை ஏன் வந்தது என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம்.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி அடுத்தவர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். 2021-ல் வந்த விதிகள், ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலரை வைக்க வேண்டும், புகாருக்கு 24 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், குறித்த நாள்களுக்குள் தீர்க்க வேண்டும் என்றன. ஆள்மாறாட்டப் பதிவை விரைவாக நீக்க வேண்டும் என்றும் கூறின. பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் முறையிட 2023 முதல் மேல்முறையீட்டுக் குழுக்கள் இயங்குகின்றன. இவற்றைப் பயன்படுத்துங்கள். புகாரின் எண்ணையும் தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த விதிகள் பதிவுகளை நீக்குவதை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கணக்கை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி அல்ல. வேண்டியது என்ன என்று எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. தமிழில் பேசும் ஒரு மனிதர் எடுக்கும் இலவச எண், நாள் முழுவதும். கடவுச்சொல், மின்னஞ்சல், எண் மூன்றும் ஒரே மணி நேரத்தில் மாறினால் ஏழு நாளாவது அந்த மாற்றத்தை நிறுத்திவைத்து, பழைய எண்ணுக்குக் குரல் அழைப்பில் கேட்கும் ஏற்பாடு. புகார் வந்த நொடியில் பக்கத்தை உறையவைப்பது, இன்னும் மூன்று பேர் பணம் அனுப்புவதற்கு முன்பே. காவல் துறையில் பதிந்த புகாரின் நகலை உரிமைக்கான சான்றாக ஏற்பது. வணிகக் கணக்குகளுக்கு இரட்டைப் பூட்டைக் கட்டாயமாக்குவது. சிம் மாற்றிய எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற ஏழு நாள் தடை போட முடிந்த நாட்டில், அழைப்புத் திருப்பலை ஒரே உத்தரவில் நிறுத்த முடிந்த நாட்டில், இவற்றில் எதுவும் செய்ய முடியாததல்ல. கோடிக்கணக்கான இந்தியர்களின் கண்முன் விளம்பரம் காட்டிச் சம்பாதிக்கும் நிறுவனங்கள், அந்தக் கோடிகளில் ஒருவர் கதவைத் தட்டும்போது திறக்க ஆள் வைப்பதைச் செலவு என்று சொல்லக்கூடாது.

அந்தப் பெண்ணுக்குப் பழைய பக்கம் கிடைக்கவில்லை. பெயர் மாறி, எங்கோ ஒரு கிரிப்டோ வியாபாரத்தின் முகப்பாக அது இன்னும் இருக்கிறது. கீழே தள்ளிக்கொண்டே போனால் அவர் செய்த மயில் கழுத்தும் தாமரைக் கையும் வரிசையாக வருகின்றன. பணம் இழந்த மூவருக்கும் கூலி வாங்காமல் ஆளுக்கொரு ரவிக்கை தைத்துக் கொடுத்தார். அது உங்கள் பொறுப்பில்லை என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை. புதுப் பக்கம் தொடங்கியிருக்கிறார். இம்முறை மின்னஞ்சலை அவரே உருவாக்கினார். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் திரையில் வந்த மாற்றுக் குறியீடுகளை எங்கே எழுதுவது என்று யோசித்துவிட்டு, வாடிக்கையாளர்களின் தோள், மார்பு, கை அளவுகளைக் குறித்துவைக்கும் நீள நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு எண்ணாக இரண்டு முறை சரிபார்த்து எழுதி, மடித்து, பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.